கடைசிப் பாடம்

மே மாதத்தில் என் தங்கச்சிக்குச் சம்பளம் கிடையாது. கோடை விடுமுறை விட்டால் மற்ற ஆசிரியர்களுக்கு அது விடுமுறை. அவளுக்கு அது வேலை இல்லாத மாதம். பதின்மூன்று வருடமாக இப்படித்தான். வருடத்தில் பதினோரு மாதம் அவள் டீச்சர். பன்னிரண்டாவது மாதம் அன்னவாசலில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் உட்கார்ந்து, பிளஸ் டூ முடித்த பிள்ளைகளுக்குக் கல்லூரி விண்ணப்பம் போட்டுக் கொடுப்பாள். அப்படி அவள் விண்ணப்பம் போட்டுக் கொடுத்த பிள்ளைகளில் சிலர் ஜூன் கடைசியில் நான் வேலை பார்க்கும் கல்லூரிக்கு வந்து என் வகுப்பில் உட்காருவார்கள். மே மாதமும் எனக்குச் சம்பளம் உண்டு.

அவள் வேலை பார்ப்பது சித்தன்னவாசல் மலை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் உள்ள ஒரு நடுநிலைப் பள்ளி. வேலையின் பெயர் பகுதிநேரக் கணினிப் பயிற்றுநர். அவள் பெயரையும் பள்ளியின் பெயரையும் நான் எழுதப் போவதில்லை. எழுதினால் இருக்கிற அரை நாளும் போய்விடும் என்று பயப்படுகிறாள். பெண்களின் பெயர் வரலாற்றில் விடுபட்டுப் போவதைப் பற்றி முந்நூறு பக்கம் ஆராய்ச்சி எழுதிப் பட்டம் வாங்கியவள் நான். கூடப் பிறந்தவளைப் பற்றிய கட்டுரையில் அவள் பெயரைப் போட என்னால் முடியவில்லை. இந்தக் கூச்சத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

2012ஆம் ஆண்டு தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 6 முதல் 8ஆம் வகுப்பு வரை சொல்லிக்கொடுக்க 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டார்கள். ஓவியம், உடற்கல்வி, தையல், இசை, தோட்டக்கலை ஆகியவற்றோடு கணினியும் அந்தப் பட்டியலில் இருந்தது. வாரத்துக்கு மூன்று அரை நாள், மாதம் 5,000 ரூபாய். என் தங்கச்சி பி.எஸ்சி. கணினி அறிவியல், பி.எட். படித்தவள். அப்போது அவளுக்கு இருபத்தெட்டு வயது, கையில் ஒரு குழந்தை. ஆணை வந்த அன்று அம்மா கேசரி கிண்டினாள். "அரை நாளுதான, புள்ளையையும் பாத்துக்கலாம், பொம்பளைக்குத் தோதான வேலை" என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன்.

தோதான வேலை என்ற சொல்லை இப்போது யோசித்துப் பார்க்கிறேன். யாருக்குத் தோது? மூன்று அரை நாள் என்பது தாளில்தான். மாணவர் வருகை, உதவித்தொகை, ஆதார் எண், இலவசச் சீருடை அளவு என்று பள்ளியில் எதுவானாலும் இப்போது எமிஸ் இணையதளத்தில் ஏற்றியாக வேண்டும். 'கம்ப்யூட்டர் டீச்சர்' ஒருத்தி இருக்கும்போது அதை வேறு யார் செய்வார்கள்? முன்பெல்லாம் பள்ளிக்கூடத்தில் ஏதாவது விசேஷம் என்றால் பெண் ஆசிரியைகளைக் கோலம் போடச் சொல்வார்கள். இப்போது ஏற்றச் சொல்கிறார்கள். அவள் பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போதே ஒரு பையன் வந்து நிற்பானாம். "டீச்சர், எச்செம் கூப்புடுறாங்க. எமிஸ் நிக்கிதாம்."

சம்பளம் 5,000 இருந்து 7,000, 7,700, 10,000 என்று ஏறி, 2025 கோடையில் 12,500. ஒவ்வொரு உயர்வும் ஒரு போராட்டத்துக்குப் பிறகு வந்தது. 2021 சட்டமன்றத் தேர்தலில் தி.மு.க. தந்த வாக்குறுதிகளில் 181ஆவது, பகுதிநேர ஆசிரியர்களைப் பணிநிரந்தரம் செய்வது. அந்த எண்ணைத் தங்கச்சி தூக்கத்திலும் சொல்வாள். இதை நான் எழுதும் 2025 கோடையிலும் அவள் பகுதிநேர ஆசிரியைதான்.

இத்தனைக்கும் அவளைக் கணினி படிக்கச் சொன்னவளே நான்.

2001இல் அவள் பிளஸ் டூ முடித்தாள். அவளுக்குத் தாவரவியல் பிடிக்கும். சித்தன்னவாசல் மலையடியில் என்னென்ன செடி முளைக்கிறது என்று நோட்டில் எழுதி வைத்திருந்தாள். நான் எம்.ஏ. தமிழ் படித்துக்கொண்டிருந்தேன். தமிழ் படித்தால் வேலை கிடைக்காது என்று நாள்தோறும் கேட்டுக் கேட்டுப் பயந்துபோயிருந்த காலம் அது. எங்கள் ஊர்ப் பக்கம் பஸ் போகிற ரோட்டில் எல்லாம் கம்ப்யூட்டர் சென்டர் போர்டு தொங்கியது. "செடி கொடியப் படிச்சு என்னடி பண்ணப் போற? கம்ப்யூட்டர் எடு. உக்காந்து பாக்குற வேலை. வெயிலு இல்ல, தூசி இல்ல" என்றேன். அப்பாவிடமும் நானே பேசினேன். பெண்ணுக்கு ஏற்ற வேலை என்று நான் சொன்ன அந்த வாதம்தான் அவரை இறக்கியது.

நான் அறியாமல் சொன்ன அந்த வாதம் புதியது இல்லை என்று பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். 'கம்ப்யூட்டர்' என்பது முதலில் எந்திரத்தின் பெயரே இல்லை, ஒரு வேலையின் பெயர். காகிதத்தில் கணக்குப் போடுகிறவர்களை அப்படி அழைத்தார்கள். அமெரிக்காவில் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அந்த வேலையைப் பெரும்பாலும் பெண்கள் பார்த்தார்கள். அவர்களில் ஆறு பேரைத் தேர்ந்தெடுத்து, எனியாக் என்ற பெரிய மின்னணுக் கணினிக்கு நிரல் அமைக்கச் சொன்னார்கள். எந்திரத்தைக் கட்டுவது ஆண்களின் வேலை. அதற்கு வேலை சொல்லிக்கொடுப்பது குமாஸ்தா வேலை, ஆகவே பெண்களுக்கு. 1946 பிப்ரவரியில் அந்தக் கணினியை உலகத்துக்குக் காட்டியபோது, காட்டிய கணக்குக்கு நிரல் எழுதியது அந்தப் பெண்கள். அன்றிரவு நடந்த விருந்துக்கு அவர்களை யாரும் அழைக்கவில்லை. நிரல் எழுதுவதுதான் கடினமான வேலை என்று தெரிந்து, அதற்குச் சம்பளமும் மதிப்பும் கூடியபோது, அது மெல்ல மெல்ல ஆண்களின் வேலையாகிவிட்டது.

எங்கள் ஊரில் நடப்பது இதன் இன்னொரு வடிவம். சென்னையிலும் பெங்களூரிலும் கணினி ஆண்களின் உயரமான வேலை. அன்னவாசல் பக்கத்து நடுநிலைப் பள்ளியில் அது பெண்களின் அரை நாள் வேலை. ஒரே படிப்புதான்.

பள்ளிக்கல்வியில் கணினிக்கு இருக்கிற இடமும் விசித்திரமானது. மேல்நிலை வகுப்புகளில் அது தனிப்பாடம். ஒரு காலத்தில் பிளஸ் டூவில் ஸ்டார் ஆபீஸ் படித்தார்கள். 2018இல் புதிய பாடத்திட்டம் வந்தது. இப்போது பதினொன்றாம் வகுப்பில் சி பிளஸ் பிளஸ், பன்னிரண்டில் பைத்தான். ஆனால் ஆறு முதல் பத்து வரை கணினி தனிப்பாடம் கிடையாது. அறிவியல் புத்தகத்தின் கடைசிப் பாடமாக அது ஒட்டிக்கொண்டிருக்கிறது. பத்தாம் வகுப்பு அறிவியலைப் புரட்டிப் பாருங்கள். ஒளியியல், மின்னியல், மரபியல் எல்லாம் தாண்டிக் கடைசியில் ஸ்கிராட்ச் மென்பொருளைப் பற்றிச் சில பக்கம் இருக்கும். பாடத்தை முடிக்க நேரமில்லாத மார்ச் மாதத்தில் அந்தப் பக்கம் வரும். தனிப்பாடம் இல்லாததால் அந்த வகுப்புகளுக்கு நிரந்தரக் கணினி ஆசிரியர் பணியிடம் இல்லை. பணியிடம் இல்லாததால் ஆசிரியர் தகுதித் தேர்வில் கணினி அறிவியலுக்குத் தாள் இல்லை. பி.எட். முடித்த பெண்கள் தேர்வு எழுதித் தேறலாம் என்றால், எழுதுவதற்குத் தேர்வே கிடையாது. 2019இல் உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் 6,029 இடங்களில் ஹைடெக் லேப் வந்தது. நல்ல விஷயம்தான். எந்திரத்துக்கு ஓர் அறை ஒதுக்க முடிந்திருக்கிறது. சொல்லிக்கொடுக்கிறவளுக்கு ஒரு பணியிடம் ஒதுக்கத்தான் முடியவில்லை.

தங்கச்சியின் பள்ளிக்கு அப்போது ஹைடெக் லேப் வரவில்லை. அது நடுநிலைப் பள்ளி. பழைய கணினிகள் நான்கு இருந்தன. அவற்றில் ஒன்றரை வேலை செய்யும் என்பாள். ஒன்று நன்றாக ஓடும், மற்றொன்று மழைக்காலத்தில் ஓடாது. முப்பத்து நான்கு பிள்ளைகள். மணி அடித்ததும் பையன்கள் ஓடிப்போய் மவுஸைப் பிடித்துக்கொள்வார்கள். பெண் பிள்ளைகள் பின்னால் நின்று, திரையில் வருவதை நோட்டில் எழுதுவார்கள். யாரும் எழுதச் சொன்னதில்லை. கை சும்மா இருந்தால் டீச்சர் திட்டுவார் என்று அவர்களாகவே எழுதுகிறார்கள். வருடக் கடைசியில் நோட்டைப் பார்த்தால் பெண் பிள்ளைகளுடையது அழகாக இருக்கும். கணினியைத் தொட்ட கை பையனுடையதாக இருக்கும்.

முறை வைத்துப் பார்த்தாள். ரோல் நம்பர் வரிசையில் ஆளுக்கு ஐந்து நிமிடம். பெண் பிள்ளைகள் உட்கார்ந்தார்கள், ஆனால் பின்னாலிருந்து ஒரு பையன் கையை நீட்டி "இங்க இல்ல, அங்க அமுக்கு" என்று சொல்லிக்கொண்டே இருப்பான். தப்பாகத் தொட்டால் உடைந்துவிடும் என்று வீட்டில் சொல்லி அனுப்பப்பட்ட பிள்ளைகள். செல்போனைத் தொட்டாலே அடி விழுகிற வீடுகள் உண்டு. தப்பாகத் தொட்டுப் பார்க்காமல் கணினியைக் கற்றுக்கொள்ள முடியாது என்பதுதான் அந்தப் பாடத்தின் அடிப்படை. தப்புச் செய்ய அனுமதி இல்லாத பெண் அதை எப்படிக் கற்றுக்கொள்வாள்?

இதற்கு இன்னொரு முனை என் கல்லூரி வகுப்பில் எனக்குத் தெரிந்தது. 2011 செப்டம்பரில் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. அடுத்தடுத்த வருடங்களில் என் வகுப்புக்கு வந்த மாணவிகளிடம் "லேப்டாப் இருக்குல்ல, கட்டுரையை டைப் பண்ணிக் கொண்டாங்க" என்பேன். "அண்ணன் வச்சிருக்கான் மேம்." "தம்பி கேம் விளையாடுறான் மேம்." ஒருத்தி மட்டும் தயங்கித் தயங்கி, "அக்கா கல்யாணத்துக்கு வச்சுட்டாங்க மேம்" என்றாள். அடகுக்கு வைத்ததைச் சொன்னாள். அரசு பெண்ணின் பெயரில் கொடுத்தது. வீட்டு வாசல் வரைதான் அது அவளுடையதாக இருந்தது.

ஒரு மழைக்காலத்தில் கரண்ட் இல்லாத ஒரு மதியம், தங்கச்சி எல்லோரையும் வெளியே வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். சாக்பீஸால் ஐந்து வரிசைப் புள்ளி வைத்தாள். பெண் பிள்ளைகளில் ஒருத்தியைக் கூப்பிட்டு, "இதுக்கு ஒரு கோலம் போடு. ஆனா கையால போடாத. வாயால சொல்லு" என்றாள். ஒரு பையன் சாக்பீஸைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அவள் சொல்வதை மட்டும் செய்ய வேண்டும். "வளைச்சு இழு" என்றாள் பிள்ளை. அவன் எங்கோ வளைத்தான். "இல்ல, புள்ளிக்கு இடப்பக்கம்." "எந்தப் புள்ளிக்கு?" பத்து நிமிடத்தில் பிள்ளைகளே புரிந்துகொண்டார்கள். ஒவ்வோர் அடியையும் தனித்தனியாக, சந்தேகம் வராமல் சொல்ல வேண்டும். ஒரே வேலை நான்கு முறை வந்தால், 'இதையே நாலு தடவ செய்' என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். தவறு வந்தால் எந்த அடியில் வந்தது என்று திரும்பப் போய்ப் பார்க்க வேண்டும். நிரல் என்பது இவ்வளவுதான் என்றாள் தங்கச்சி. கணினியை அன்று யாரும் தொடவில்லை.

இதை அவள் எனக்குச் சொன்னபோது நான் ஆச்சரியப்பட்டேன். அவள் ஆச்சரியப்படவில்லை. சென்னை கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் 1970களிலேயே புள்ளிக் கோலங்களை எடுத்துக்கொண்டு, அவை எந்த விதிகளால் உருவாகின்றன என்று கணினியியலின் இலக்கணமாக எழுதியிருக்கிறார்கள். 1974இல் வந்த அந்தக் கட்டுரை கணினியியலில் பலரும் எடுத்துக்காட்டுகிற ஒன்று. எழுதிய மூவரில் இருவர் பெண்கள். பி.எட். படிக்கும்போது யாரோ சொல்லித் தங்கச்சி அதைத் தெரிந்துவைத்திருந்தாள். தொல்காப்பியத்திலிருந்து இலக்கணம் நடத்துகிற எனக்குத் தெரியாது. நம் வாசலில் விடியற்காலையில் பெண்கள் போட்டு, மதியத்துக்குள் கால் பட்டு அழிந்துபோகிற ஒன்றுக்குள் ஓர் இலக்கணம் இருக்கிறது என்பதை அவள்தான் எனக்குச் சொன்னாள்.

நான் உடனே உருகிவிட்டேன். கவிதை எழுதுகிறவளின் நோய் அது. "என்ன அழகா இருக்கு, பாட்டிகளோட கணினி" என்று ஏதோ சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "அக்கா, அடுத்த வாரம் ஒரு பய சொல்றான், கோலம்னா பொட்டச்சி வேலை, நான் செய்ய மாட்டேன்னு. கோலத்த வச்சுப் புள்ளைங்கள முன்னுக்குக் கொண்டாந்தேன்னு நெனச்சா, திரும்பவும் வாசல்லதான் கொண்டுபோயி நிறுத்திட்டேனோன்னு இருக்கு" என்றாள். அதற்கு அடுத்த வாரம் பையன்களைப் பள்ளி வாசலில் கோலம் போட வைத்தாள். பெண் பிள்ளைகளை அந்த ஒன்றரைக் கணினியில் உட்கார வைத்தாள். பையன்கள் யாரும் பின்னால் நிற்கக் கூடாது. ஒரு பிள்ளை எதையோ அமுக்கி, திரை தலைகீழாகத் திரும்பிவிட்டது. அழப் போனவளிடம், "அழுவாத. எத அமுக்குன? அதத் திரும்ப அமுக்கு" என்றாள். அந்தப் பிள்ளை நான்கு முறை திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் எழுந்தாளாம்.

இப்போது என் ஆய்வேட்டின் கதையைச் சொல்ல வேண்டும்.

2010இல் நான் முனைவர் பட்டத்துக்கு ஆய்வேடு கொடுத்தேன். கல்வெட்டுகளில் வரும் பெண் ஆசிரியர்களைப் பற்றியது. கழுகுமலையில் சமணப் பெண் துறவியரான குரத்தியர் பலரின் பெயர் வருகிறது. மிழலூர்க் குரத்தியார், திருச்சாரணத்துக் குரத்தியார் என்று ஊரின் பெயரால் அறியப்பட்ட ஆசிரியைகள். வந்தவாசிக்குப் பக்கத்தில் வேடல் கல்வெட்டில் கனகவீரக் குரத்தியார் வருகிறார். அவரிடம் ஐந்நூறு மாணவியர். அங்கே ஒரு பிணக்கு வந்தபோது, அந்த மாணவியரைக் காத்துச் சோறிடும் பொறுப்பை ஊர்க்காரர்கள் ஏற்றுக்கொண்டதை அந்தக் கல்வெட்டு சொல்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டை ஒட்டிய காலம். கற்கிற பெண்களுக்கும் கற்பிக்கிற பெண்ணுக்கும் சோறு யார் போடுவது என்ற கேள்வியை அன்றைக்கே கல்லில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

அந்த ஆய்வேட்டைத் தட்டச்சு செய்தவள் தங்கச்சி. அப்போது அவளுக்குக் கல்யாணமாகி ஒரு வருடம். பகலில் வீட்டு வேலை, இரவில் என் கையெழுத்துப் பிரதி. பாமினி எழுத்துருவில் அடித்தாள். ஒற்றுப் பிழை திருத்தினாள். அடிக்குறிப்பு எண்கள் இரண்டு இயல்களில் மாறிக் கிடந்ததை அவள்தான் கண்டுபிடித்தாள். சமர்ப்பிக்கும் நாளன்று திருச்சியில் ஒரு கடையில் கோப்பைத் திறந்தால் தமிழ் எல்லாம் ஆங்கில எழுத்தும் குறிகளுமாகச் சிதறிக் கிடந்தது. அந்தக் கணினியில் அந்த எழுத்துரு இல்லை. நான் கடை வாசலில் நின்று அழுதேன். அவள் மூன்று மாதக் கர்ப்பத்தோடு பஸ் ஏறி, பென்டிரைவில் எழுத்துருவைக் கொண்டுவந்து நிறுவிக் கொடுத்தாள். வழியில் இரண்டு முறை வாந்தி எடுத்ததைப் பிறகுதான் சொன்னாள்.

நன்றியுரை இரண்டு பக்கம். நெறியாளர், துறைத்தலைவர், நூலகர், கல்வெட்டு அறிஞர்கள், கணவர், மாமனார் மாமியார் எல்லோரும் இருக்கிறார்கள். கடைசி வரி: 'அழகுற ஒளியச்சு செய்து உதவிய தங்கைக்கும் நன்றி.' பெயர் இல்லை. எல்லாத் தமிழ் ஆய்வேடுகளிலும் தட்டச்சு செய்தவருக்கு நன்றி கடைசி வரியில்தான் வரும். வழக்கம் என்று நானும் எழுதிவிட்டேன். குரத்தியருக்கு ஊர்ப்பெயராவது கிடைத்தது. தங்கச்சிக்கு உறவுமுறை மட்டும் கிடைத்தது. 'உம்' போட்டு.

அவள் ஒருநாளும் இதைக் கேட்டதில்லை. கேட்காதது எனக்குப் பல வருடம் வசதியாக இருந்தது.

இந்த வருடம் பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, ஏழாம் வகுப்புப் பிள்ளைகளைச் சித்தன்னவாசலுக்குக் கூட்டிப் போகிறேன், நீயும் வா, கல்வெட்டைப் பற்றிச் சொல்லு என்றாள். பக்கத்து ஊர்ப் பிள்ளைகள். பாதிப் பேர் அறிவர் கோயிலுக்குள் போனதே இல்லை. கூரையில் தாமரைக் குளத்தைக் காட்டினேன். மீன், அன்னம், யானை, எருமை, பூப்பறிக்கிற மூன்று பேர். தூண்களில் ஆடும் பெண்கள். மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்பவர் ஒன்பதாம் நூற்றாண்டில் இந்தக் கோயிலைப் புதுப்பித்ததைக் கல்வெட்டு சொல்கிறது என்றேன். முன் மண்டபச் சுவரில் ஒற்றைக் குடையின் கீழ் உட்கார்ந்திருக்கும் ஆசிரியர் உருவத்தையும் காட்டினேன். "டீச்சருக்கெல்லாமா செல வச்சாங்க?" என்று ஒரு பிள்ளை கேட்டாள். "அப்ப வச்சாங்க" என்றாள் தங்கச்சி.

பிறகு ஏழடிப்பட்டம். பாறையில் கால் வைக்க வெட்டிய ஏழு குழிகளால் வந்த பெயர். இப்போது பிடிக்கக் கம்பி இருக்கிறது. குகைக்குள் வழவழப்பான பதினேழு கல் படுக்கைகள், தலைமாட்டில் கல்லிலேயே தலையணை. அவற்றில் பெரியதில் இரண்டாயிரம் வருடத்துக்கு முந்திய தமிழ் பிராமி எழுத்து. பிள்ளைகள் தடவிப் பார்க்கக் கையை நீட்டினார்கள். தொடக் கூடாது என்று நான் தடுத்தேன். தங்கச்சி அங்கேயே ஒரு பாடம் வைத்தாள். என் ஆய்வேடு திருச்சியில் சிதறிப்போன கதையைச் சொன்னாள். எழுத்து வேறு, எழுத்தின் வடிவத்தை எந்திரம் எந்த எண்ணாக வைத்திருக்கிறது என்பது வேறு. இரண்டு எந்திரமும் ஒரே எண்ணை ஒப்புக்கொண்டால்தான் 'அ' என்று அடித்தது அங்கேயும் 'அ' என்று வரும். அதற்காகத்தான் யூனிகோடு வந்தது. "இந்தக் கல்லுல இருக்குறதயும் ரொம்ப நாளு யாராலயும் படிக்க முடியல. எழுத்து இருந்துச்சு, எதுக்கு எதுன்னு தெரியல. அதையே கண்டுபுடிச்சாங்கன்னா, நீங்க இத கண்டுபுடிக்க மாட்டீங்களா?" என்றாள். நான் பதினைந்து வருடமாகத் தமிழ் பிராமி பாடம் எடுக்கிறேன். அதை இப்படிச் சொல்ல எனக்குத் தோன்றியதில்லை.

இறங்கும்போது ஒரு பிள்ளை அவள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "டீச்சர், பெரிய ஸ்கூலுக்குப் போனா அங்கயும் கம்ப்யூட்டருக்கு நீங்க மாதிரி ஆளு இருப்பாங்களா?" எட்டாம் வகுப்பு முடிந்தால் ஒன்பதும் பத்தும் வேறு பள்ளி. அங்கே லேப் இருக்கும். அதற்கென்று ஆசிரியர் இருப்பார் என்று சொல்ல முடியாது. "லேப் இருக்கும். போயி உக்காரு. யாரும் எந்திரிக்கச் சொன்னா எந்திரிக்காத" என்றாள் தங்கச்சி.

அன்று இரவு எங்கள் அம்மாவிடம் இதைச் சொன்னேன். 1991-92இல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தபோது சைக்கிள் கற்றுக்கொண்ட பல்லாயிரம் பெண்களில் அம்மாவும் ஒருத்தி. ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்த நேரம். அம்மா கற்றுக்கொண்டு, தெருவில் ஆறு பேருக்குக் கற்றுக்கொடுத்தாள். இரவில் அரிக்கேன் விளக்கு வைத்து எழுத்தும் சொல்லிக்கொடுத்தாள். சம்பளம் இல்லை, தொண்டு. அந்தப் பெருமை இன்னும் அவள் முகத்தில் இருக்கிறது. "நாங்க காசா வாங்குனோம்?" என்றாள். நான் பதில் சொல்லவில்லை. தங்கச்சி சொன்னாள். "நீங்க ஒரு வருசம் செஞ்சீங்கம்மா. அது இயக்கம். நான் பதிமூணு வருசமா செய்யிறேன். இது வேலை."

இந்த இரண்டு வாக்கியத்துக்கு இடையில்தான் எல்லாம் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. பெண் சொல்லிக்கொடுத்தால் அது தொண்டு என்று நம் சமூகம் எடுத்துக்கொள்கிறது. 2021இல் இல்லம் தேடிக் கல்வி வந்தபோதும் தன்னார்வலர்கள் பெரும்பாலும் பெண்கள், மாதம் 1,000 ரூபாய். அந்தப் பெண்கள் செய்தது பெரிய காரியம். அம்மா செய்ததும் பெரிய காரியம். ஆனால் அவர்களின் மனமுவந்த உழைப்பைக் காட்டி, அடுத்த தலைமுறைப் பெண்ணின் ஊதியத்தைக் குறைத்துக்கொண்டே போக முடிகிறது. அவளும் புதன்கிழமை அரை நாள் வந்துவிட்டுப் போகிறாள். பிள்ளைகள் மேல் பாசம் இருக்கிறது என்பதால் வேலையை விட்டுவிடவும் மாட்டாள். அந்தப் பாசமும் கணக்கில் எடுக்கப்பட்டிருக்கிறது.

ஏப்ரலில் அவளும் பக்கத்துப் பள்ளிகளில் வேலை பார்க்கும் சில ஆசிரியைகளும் ஒரு மனு கொடுக்க முடிவெடுத்தார்கள். நல்ல தமிழில் எழுதிக் கொடு என்று என்னிடம் கேட்டார்கள். நான் நான்கு பக்கம் எழுதினேன். 'வறுமையின் விளிம்பில்', 'கண்ணீரோடு', 'கருணை கூர்ந்து', 'தாயுள்ளத்தோடு' எல்லாம் இருந்தது. தங்கச்சி என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, மடிக்கணினியில் அதைத் திறந்து, நான் பார்க்கப் பார்க்க அழித்துக்கொண்டே வந்தாள். "அக்கா, கண்ணீர் வேணாம். கருணை வேணாம். நாங்க பிச்சை கேக்கல." கடைசியில் ஒரு பக்கம் மிஞ்சியது. நியமன ஆணையின் எண், நாள். சேர்ந்த நாள். ஒவ்வொரு வருடமும் வாங்கிய தொகை. வாங்காத மே மாதங்கள் எத்தனை. சொல்லிக்கொடுத்த பிள்ளைகள் எத்தனை. கோரிக்கைகள் மூன்று: பணிநிரந்தரம், மே மாத ஊதியம், ஆறாம் வகுப்பிலிருந்து கணினிக்குத் தனிப்பாடம். நான் இதுவரை எழுதியவற்றில் மிகச் சரியான ஒரு பக்கம் அது. அதில் என் சொல் என்று எதுவும் மிஞ்சவில்லை.

கீழே கையெழுத்துப் போட்டபோது அவள் முழுப்பெயரை எழுதினாள், படிப்போடு. இங்கே நான் எழுத முடியாத பெயரை அங்கே அவளே எழுதினாள். தபால் ரசீதை மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டாள்.

என் ஆய்வேடு புத்தகமாக வரப்போகிறது. முன்னுரையைத் திருத்தி எழுதியிருக்கிறேன். முதல் பத்தியில் அவள் பெயர் இருக்கிறது, என்னென்ன செய்தாள் என்ற விவரத்தோடு. அவளிடம் காட்டினேன். படித்துவிட்டு, "'உதவிய'ன்னு போட்டிருக்கியே, அத எடுத்துரு" என்றாள். எடுத்துவிட்டேன்.

மனுவுக்குப் பதில் வரவில்லை. ஜூன் 2ஆம் தேதி, திங்கட்கிழமை, பள்ளி திறந்தது. அவளுக்கு அன்று அரை நாள். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளின் விவரங்களை எமிஸில் ஏற்றிவிட்டு, ஆறாம் வகுப்புக்குப் போய், யார் யார் கணினியைத் தொட்டதில்லை என்று கேட்டு, கை தூக்கிய பெண் பிள்ளைகளை முதலில் உட்கார வைத்தாள். சாயங்காலம் நாலரை மணிக்குத்தான் வீட்டுக்கு வந்தாள்.